தங்கை வீட்டுக் குளியலறைக்கு நான் வாங்கிய குழாய்

1

போன சனிக்கிழமை ஆம்பூரிலிருந்து என் தங்கை எஸ்தரின் கடிதம் வந்தது. என் மகள் ஸ்டெல்லாவை உட்காரவைத்து அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அவளுக்குப் பதினோரு வயது. பிறந்தது இங்கே பினாங்கில். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் மலாய், வீட்டில் சோறு கேட்க மட்டும் தமிழ். கடிதம் வருகிற நாள்தான் எங்கள் வீட்டில் தமிழ்ப் பாடம் நடக்கும் நாள்.

எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். எல்லோரும் சுகம், கோயிலுக்குப் புது மணி, ஆட்டுக்குட்டி இரண்டு. அதற்கப்புறம் வந்தது இது: “அக்கா, அந்தச் சீனாக்காரன் கடைக்கு நீ போனியா இல்லையா? பித்தளைன்னு சொல்லி இரும்பைத் தலையில கட்டினவன் நல்லா இருப்பானா? நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வா. நீ சாது, உன்னை எல்லாரும் ஏமாத்திடுவாங்க.”

ஸ்டெல்லா நிறுத்தினாள். கடிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அந்தத் தவுக்கே வேணாம்னுதானேம்மா சொன்னாரு? நான்தானே உனக்கு எடுத்துச் சொன்னேன்?”

தவுக்கே என்றால் இங்கே சீனக் கடை முதலாளி. “வாயை மூடிக்கிட்டு மீதியைப் படி” என்றேன். வாயை மூடிக்கொண்டு எப்படிப் படிப்பது என்று அவள் கேட்கவில்லை. மீதியைப் படித்து, மடித்து, என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

இந்தப் பத்திரிகைக்கு நான் மூன்று வருஷமாக எழுதி வருகிறேன். சீனர் வீட்டுக் கல்யாணம், ரப்பர் தோட்டம், டுரியான் பழத்தின் நாற்றம் என்று எல்லாவற்றையும் ஊர்ச் சகோதரிகளுக்கு எழுதியாகிவிட்டது. எங்கள் வீட்டுக் குளியலறையைப் பற்றி மட்டும் எழுதியதில்லை. இந்தத் தடவை அதை எழுதிவிடுகிறேன்.

2

நாங்கள் குடியிருப்பது ஒரு மளிகைக் கடையின் மாடியில். எங்களோடு சேர்த்து மூன்று குடும்பம். கீழே பின்கட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டி, ஒரு தகரக் குவளை, சரியாகச் சாத்தாத ஒரு கதவு. உள்ளே ஆள் இருக்கிறது என்று வெளியே தெரிய வேண்டுமானால் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். நான் கீர்த்தனை பாடுவேன். பக்கத்துப் போர்ஷன் யாழ்ப்பாணத்து அம்மாள் தேவாரம் பாடுவார். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் குமாஸ்தா, அவருக்குப் பாட்டு வராது, ஆகையால் வாய்ப்பாடு ஒப்பிப்பார். பதினாறாம் வாய்ப்பாடு முடிந்தால் அவர் தலை துவட்டுகிறார் என்று அர்த்தம்.

இது நான் ஊருக்கு எழுதாத குளியலறை. எழுதியது வேறு.

வந்த புதிதில் என் வீட்டுக்காரரின் மேலதிகாரி வீட்டுக்கு ஒரு விருந்துக்குப் போனோம். அங்கே குளியலறைச் சுவர் முழுவதும் பீங்கான் ஓடு பதித்திருந்தார்கள். ரோஜாவும் மயிலும் போட்ட ஓடுகள், திருகினால் தண்ணீர் கொட்டும் குழாய், துண்டு போட ஒரு பளபளப்பான கம்பி. கை கழுவப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். அந்த வாரம் எஸ்தருக்கு எழுதும்போது, “இங்கே குளியலறையில் மயில் போட்ட ஓடு பதிக்கிறார்கள்” என்று எழுதினேன். “உன் வீட்டிலயுமாக்கா?” என்று கேட்டு எழுதினாள். இல்லை என்று எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. அடுத்த கடிதத்திலிருந்து அவளே, “உன் மயில் குளியலறை எப்படி இருக்குது?” என்று விசாரிக்க ஆரம்பித்தாள். நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்த மயிலுக்குத் தீனி போட்டு வளர்த்தேன்.

அவள் அப்போதெல்லாம் கிணற்றடியில் நாலு தென்னங்கீற்றை மறைப்பாகக் கட்டி, விடியுமுன்னே குளித்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்?

3

இப்போது எஸ்தர் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சாமுவேல். ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் ஷாப்பில் மேஸ்திரி. தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றே சொல்வோம். அவர் முதலில் பெண் பார்க்க வந்தது என்னை.

எங்கள் அப்பா பேரணாம்பட்டில் வாத்தியார். சாமுவேல் தன் அம்மாவோடு வந்தார். வரும்போதே நாலு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவியிருக்க வேண்டும், தோல் சுருங்கிப் போயிருந்தது. ஆனாலும் காபி டம்ளரைப் பிடித்த விரல்களில் நகமெல்லாம் ஆவாரம்பட்டைச் சாயம். ஷாப்பில் தோலை அந்தப் பட்டை ஊறிய தண்ணீரில்தான் போடுவார்கள். கிட்டே போனதும் அந்த வாசனை வந்தது. நான் உள்ளே போய் அம்மாவிடம், “அந்தக் கையால அவரு சோறு பிசைஞ்சு சாப்பிட, நான் எதிர்ல உக்காந்து எப்பிடிம்மா சாப்பிடறது?” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் எங்கள் வீடு சின்னது.

“இன்னாடி பேச்சு இது, காதுல விழப் போவுது” என்றாள் அம்மா.

விழுந்துவிட்டது என்றே நினைக்கிறேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை மடியில் மறைத்துக்கொண்டார்.

ஆறு மாதத்தில் எனக்குப் பினாங்குக் குமாஸ்தா அமைந்தார். இவர் மேல் ஒரு வாசனையும் கிடையாது, அதற்காகவே கட்டிக்கொண்டேன். அடுத்த வருஷம் சாமுவேல் வீட்டில் எஸ்தரைக் கேட்டார்கள். அவள் ஒரு பேச்சும் பேசாமல் தலையாட்டினாள். பாவம், எனக்கு வேண்டாம் என்று ஒதுக்கினது அவளுக்கு என்று, அவள் கல்யாணம் முடிந்து நான் கப்பலில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

4

மூன்று வருஷத்துக்கு முன்னே எஸ்தர் எழுதினாள். அவர் பெரிய மேஸ்திரி ஆகிவிட்டாராம். பழைய வீட்டின் பின்கட்டைப் புதுப்பிக்கிறார்களாம். கீற்று மறைப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் குளியலறை கட்டுகிறார்களாம். கிணற்றிலிருந்து இறைத்து நிரப்ப ஒரு தொட்டி, தொட்டியின் அடியில் குழாய், ரெண்டு கதவு. “எதுக்கு ரெண்டு கதவுன்னு கேட்டேன். ஷாப்பு கையோட இனிமே வீட்டுக்குள்ள வர மாட்டேன், இந்தக் கதவுல வந்து, குளிச்சிட்டு, அந்தக் கதவுல வீட்டுக்குள்ள வருவேன், உன் எதுர்ல உக்காந்து சாப்பிடற மனுஷன் சுத்தமா இருக்கணும்னு சொல்றாருக்கா. ஓடும் குழாயும் உன் குளியலறையில இருக்கிற மாதிரியே வேணும். நீ பாத்து அனுப்பு. விலை பாக்க வேணாம், நல்லதா பாருங்கன்னு அவரு சொல்லச் சொன்னாரு.”

கடிதத்தைப் படித்தேன், மறுபடியும் படித்தேன். என் எதிரே சாப்பிட உட்காரத் தகாதவர் என்று நான் சொன்னதை அந்த மனுஷர் பதினைந்து வருஷம் மனதில் வைத்திருந்து, அதற்கு ஒரு அறை கட்டி, அதை என் தங்கைக்குக் கொடுக்கிறார். சொன்ன சொல் என்னுடையது, குளியலறை அவளுக்கு. வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அன்று மாலை என் வீட்டுக்காரர் கீழே பன்னிரண்டாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது.

5

ஓட்டுக் கடை துறைமுகத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறது. எனக்கு மலாய் கடைத்தெருக் கணக்குக்கு மேல் வராது. ஆகையால் ஸ்டெல்லாவைக் கூட்டிப் போனேன். அப்போது அவளுக்கு எட்டு வயது.

தவுக்கே ஒவ்வொரு ஓடாக எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். ரோஜா, தாமரை, பச்சைக் கொடி, கடைசியில் மயில். ஓட்டின் மேல் மயில் சற்றுப் புடைத்து நின்றது. விரலால் தடவினால் தோகையின் ஒவ்வொரு கண்ணும் தட்டுப்பட்டது. அதை நான் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை என்று ஸ்டெல்லா பிறகு அப்பாவிடம் சொன்னாள்.

“சித்திக்கு இதும்மா! இதை எடும்மா!”

“இது வேணாம்” என்றேன். “வெள்ளை ஓடு போதும். மேலே ஒரு வரிசை மட்டும் பச்சைக் கொடி.”

அந்த மயிலை அவள் தினமும் காலையில் பார்ப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வெள்ளை சுத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்தது குழாய், துண்டுக் கம்பி, தண்ணீர் போகும் மடைக்குச் சல்லடை மூடி. தவுக்கே இரண்டு செட் எடுத்து வைத்தார். ஒன்று பித்தளை, மஞ்சளாக, கனமாக, கொஞ்சம் மங்கலாக இருந்தது. இன்னொன்று இரும்பின் மேல் நிக்கல் முலாம் போட்டது, வெள்ளி மாதிரி மின்னியது. மின்னுகிறதைத் தொட்டு அவர் ஸ்டெல்லாவிடம் ஏதோ சொன்னார்.

“அம்மா, இது உள்ள பெசியாம். இரும்பு. தண்ணி படற இடத்துக்கு ஆகாதாம். முலாம் உரிஞ்சிடுமாம். குளிக்கிற ரூமுக்குப் பித்தளை எடுத்துக்கச் சொல்றாரு.”

தவுக்கே சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. தோல் ஷாப்புச் சுவரோரம் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஷாப்பில் கடைசியாகத் தோலைக் கடுக்காய்த் தண்ணீரில் நனைப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு பட்டால் கறுத்துவிடும். தொட்டியில் ஒரு ஆணி விழுந்தால் தோல் முழுக்கக் கறுப்புப் புள்ளி, போட்டவனுக்கு அன்று வேலை போச்சு. எங்கள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு மை காய்ச்சுவதே அப்படித்தான், சட்டியில் கடுக்காயைத் தட்டிப் போட்டு, துருப்பிடித்த ஆணி ரெண்டைச் சேர்த்து ஊறவைப்பார். ஆணி பொறுக்கிக் கொடுப்பது நானும் எஸ்தரும்.

சாமுவேல் கடுக்காய்க் கையோடு வந்து இந்தக் குழாயைத் திறப்பார். ஒரு வருஷம் மின்னும். அப்புறம் முலாம் உரியும். அதற்கப்புறம் அந்த வெள்ளைச் சுவரில் மை வழியும். இதெல்லாம் ஒரு நொடியில் எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான், “மின்னுறதையே கட்டச் சொல்லு” என்றேன்.

ஸ்டெல்லா, “இரும்பும்மா” என்றாள் மறுபடியும்.

“காது கேக்குது. அதையே சொல்லு.”

இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசமில்லை. அந்தச் சாக்கும் எனக்குக் கிடையாது.

6

பெட்டியைக் கப்பலில் ஏற்றுவதென்றால் லேசான காரியமா? மூன்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என்ன சாமான், எத்தனை, உடையுமா, பழசா புதுசா, குளியலறைச் சாமான் என்றால் அது வீட்டுச் சாமானா கட்டடச் சாமானா? என் வீட்டுக்காரர் அதே துறைமுகத்தில் வேலை செய்தும் மூன்று நாள் இழுத்தடித்தார்கள். நாலாம் நாள், எந்த உலோகம் என்று தனியே குறிக்க வேண்டும் என்று தாளைத் திருப்பி அனுப்பினார்கள்.

அவர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, “பித்தளைதானே?” என்றார்.

“இரும்புன்னு போடுங்க.”

“இரும்பா? குளிக்கிற இடத்துக்கா?”

“தப்பா எழுதினா அபராதம் போடுவாங்கன்னு நீங்கதானே சொல்வீங்க.”

அவர் இங்கிலீஷில் இரும்பு என்று அழகாக எழுதினார். அந்தத் தாளின் ஒரு நகல் பெட்டியோடு ஊருக்குப் போகும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. சர்க்காருக்கு உண்மை சொன்னேன், கூடப் பிறந்தவளுக்குச் சொல்லவில்லை.

7

போன வருஷம் கோடையில் நானும் ஸ்டெல்லாவும் ஊருக்குப் போனோம். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. ஸ்டெல்லா இறங்கின அன்றே, “சித்தி, நான் மண்டி போறேன்” என்றாள். மலாயில் அது குளிப்பது. ஆம்பூரில் மண்டி என்றால் தோல் விற்கிற இடம். “தோல் வாங்கவா வந்த?” என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு மனசு அதில் இல்லை. எஸ்தர் என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அறை வெளிச்சமாக இருந்தது. மேலே பச்சைக் கொடி வரிசை, கீழே வெள்ளை. குழாய்க்கு அடியில் சுவரில் கறுப்பாக நீளமாக வழிந்திருந்தது. துண்டுக் கம்பிக்குக் கீழே இரண்டு கோடு, மடையைச் சுற்றி ஒரு வட்டம். நான் ஓட்டுக் கடையில் நின்று மனதில் பார்த்தது அப்படியே எதிரில் இருந்தது. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன்.

“பாத்தியாக்கா, சீனாக்காரன் பண்ண வேலைய? எலுமிச்சம்பழம் போட்டு தினம் தேய்க்கிறேன். காலையில போவுது, சாயங்காலம் அவரு வந்து கொழாயைத் தொறந்தா மறுபடியும் வந்துடுது. ஒரே பேஜாரு. வேற பித்தளை வாங்கி மாட்டறேன்னு அவரு எத்தனியோ தடவ சொல்லிட்டாரு. நான்தான் விடல. எங்கக்கா பாத்துப் பொறுக்கி அனுப்புனது, கழட்டக் கூடாதுன்னுட்டேன்.”

சொல்லிக்கொண்டே குழாயைத் தடவினாள். விரல் நுனியெல்லாம் எலுமிச்சைச் சாறு பட்டு வெடித்திருந்தது.

“இதை எதுக்குடி தேய்க்கிற, கெடக்கட்டும்” என்றேன்.

“நல்லாருக்கே! உன் வீட்டு மயிலை இப்பிடி விட்டு வெப்பியா நீ?”

சாயங்காலம் சாமுவேல் ஷாப்பிலிருந்து வந்தார். கொல்லைக் கதவு வழியாகக் குளியலறைக்குள் போய், குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வீட்டுப் பக்கக் கதவைத் திறந்து வந்தார். தலை நரைத்திருந்தது. “வாங்கக்கா, பிரயாணம் சௌகரியமா இருந்துதா?” என்றார். என்னைப் பெண் பார்க்க வந்தவர் என்னை அக்கா என்கிறார். முறை அதுதான். ஆனாலும் சுருக்கென்றது.

எஸ்தர் ஆரம்பித்தாள்: “கேளுங்க, அக்காவை அந்தக் கடைக்காரன் எப்பிடி ஏமாத்தியிருக்கான்னு!”

“ஆமா, கடைக்காரன்தான் ஏமாத்திட்டான்” என்றார் அவர் என்னைப் பார்க்காமல். “ஊரு விட்டு ஊரு போனவங்களை ஏமாத்தறது ரொம்ப ஈஸி. விடு.”

கிளம்புவதற்கு முதல் நாள் நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அவர் தொட்டிக்குத் தண்ணீர் இறைக்க வந்தார். இறைத்தபடியே தணிந்த குரலில் பேசினார்.

“அக்கா, பெட்டியில கப்பல் காயிதம் ஒண்ணு இருந்துது. இரும்புன்னு போட்டிருந்துது. சாயபு பையன்தான் படிச்சுச் சொன்னான்.”

நான் அலசின துணியையே மறுபடியும் அலசினேன்.

“கிழிச்சுப் போட்டுட்டேன். அவளுக்குத் தெரியாது.”

“ஏன் கிழிச்சீங்க?” என்றேன்.

“அவ ஒங்க மேல உசுரையே வெச்சிருக்கா. அது கெட்டுதுன்னா தாங்க மாட்டா.” வாளியைத் தொட்டியில் கவிழ்த்தார். “கொழா போனா வேற கொழா வாங்கிக்கலாம்.”

ஏன் செய்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அவர் என்னைக் காப்பாற்றினார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இல்லை, காப்பாற்றினது அவளை. அன்று குற்றம் உறுத்தினதைவிட இதுதான் அதிகம் உறுத்தியது. என் மனசு எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

8

எஸ்தர், இந்தப் பத்திரிகை மாதம் தவறாமல் உன் வீட்டுக்கு வருகிறது. நான் எழுதுவதை நீ அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாய் என்றும் தெரியும். இந்த இடத்துக்கு வரும்போது அவர், “போதும், நிறுத்து” என்று சொல்லக்கூடும். நிறுத்தாதே.

தவுக்கே என்னை ஏமாற்றவில்லை. உனக்கு நல்லது வரக்கூடாது என்றுதான் பித்தளையை விட்டுவிட்டு இரும்பை எடுத்தேன். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரிந்த அளவு எனக்கும் தெரியும். நான் சாது இல்லை. என் வீட்டில் மயிலும் இல்லை, மூன்று குடும்பத்துக்கு ஒரு தகரக் குவளைதான் இருக்கிறது. நேற்று ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். நீ அனுப்பின நாலு வார்த்தையைத் தவுக்கேயிடம் கேட்க முடியுமா? மன்னிப்புத்தான் கேட்டேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. ஸ்டெல்லாவுக்குப் புரிந்தது. திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இனி எலுமிச்சம்பழம் தேய்க்காதே. இதைப் படித்து முடித்ததும் அந்தக் குழாயைக் கழற்றி எறி. பித்தளைக் குழாய் நான் அனுப்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். நான் அனுப்ப வேண்டிய அவசியமே இருக்காது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரே வாங்கி வந்து, தன் கையாலேயே மாட்டிக் கொடுத்துவிடுவார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.